வள்ளம் வராத விளையாட்டு

கற்கோவளத்துக் கரையில் குணலட்சுமியைச் சீட்டில் வென்றவர்கள் குறைவு. விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, நெல்லியடிச் சந்தையில் விற்று முடித்து, வெறும் பனையோலைக் கடகத்தோடு மதியப் பேருந்தில் வந்து இறங்குவாள். முகம் கழுவிச் சோறு தின்றதும் அடுத்த வேலை முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம். அவளோடு சேர்த்து ஒழுங்கைப் பெண்கள் நான்கு பேர், உதயகலா வீட்டு வேம்பின் கீழ் ஒரு பாய், அழுக்கேறிய ஒரு கட்டுச் சீட்டு. பக்கத்தில் இருப்பவளின் கண்ணைப் பார்த்தே அவள் கையில் என்ன சீட்டு என்று குணலட்சுமி சொல்லிவிடுவாள். தோற்றால் முகம் சுளிக்க மாட்டாள். "அதுக்கென்ன, கலைச்சுப் போடு" என்பாள்.

அவளுக்கு ஐம்பத்தொரு வயது. கணவன் சுதாகரன் கடலுக்குப் போய்ப் பத்து வருடமாகிறது. கார்த்திகை மாதத்து மாலையில் எட்டு வள்ளம் போனது, விடியத் திரும்பியது ஏழு. எட்டாவது வள்ளத்தின் பெயர் 'சன்னிதியான்'. கடற்படை தேடியது, அக்கரையில் இந்தியாவிலும் விசாரித்தார்கள். ஒரு பலகைத் துண்டுகூடக் கிடைக்கவில்லை. குணலட்சுமி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி மரணச் சான்றிதழ் எடுத்தாள். கீரிமலையில் அந்தியேட்டி என்ற கடைசிக் கிரியையும் செய்தாள். பிறகு கடகத்தைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போனாள். பதின்மூன்று வயதில் தகப்பனை இழந்த ஆரபி இன்று நெல்லியடியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். இதுதான் அந்த வீட்டின் கதை. இதைக் குணலட்சுமி யாருக்கும் நீட்டி முழக்கிச் சொன்னதில்லை.

அவளிடம் ஊருக்கே தெரிந்த ஒன்று இருந்தது, அவளுடைய கூவல். வள்ளங்கள் கண்ணுக்குத் தெரிந்ததும் கரையில் நின்று, "பாடு என்னெண்டோ... ஓ..." என்று இழுத்துக் கூப்பிடுவாள். மீன்பாடு எப்படி என்று கேட்கிறாளாம். அந்தக் குரல் அலையைத் தாண்டிப் போகும். வள்ளத்தில் நிற்பவன் உள்ளங்கையை விரித்துக் காட்டினால் நல்ல பாடு, கையைப் பொத்திக் காட்டினால் ஒன்றுமில்லை. முதலில் சுதாகரனுக்காகக் கூப்பிட்டாள். அவன் போனபின் இரண்டு வருடம் வாய் திறக்கவில்லை. "அக்கா, எங்கடை குரல் அந்தத் தூரம் போகாது, நீங்கள் கூப்பிடுங்கோ" என்று உதயகலாதான் மறுபடி கூப்பிட வைத்தாள். அதன் பிறகு ஊர் வள்ளம் எல்லாவற்றுக்கும் அவள்தான்.

ஒரு ஞாயிறு காலை அந்தக் கூவலைக் கேட்டுத்தான் வாகீசன் அவளிடம் வந்தான். இணுவில் பையன், இருபத்தெட்டு வயது, கையில் ஒலிப்பதிவுக் கருவி. அலைச் சத்தம் பிடிக்க வந்தவன்.

"அன்ரி, இன்னொருக்கால் கூப்பிடுவீங்களோ?"

"ஏன் தம்பி, உம்மடை வள்ளமும் கடலிலை நிக்குதோ?"

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். கணினியிலும் கைபேசியிலும் விளையாடுகிற விளையாட்டு ஒன்று செய்கிறேன் என்றான். துவக்குச் சூடு, வெட்டுக்குத்து எதுவும் இல்லாத விளையாட்டு. கடற்கரையில் வாழ்கிற ஒரு பெண்ணின் பன்னிரண்டு நாள். விளையாடுகிறவர்தான் அந்தப் பெண்.

"ஆருக்குச் செய்யிறீர்? கம்பனிக்கோ?"

"இல்லை அன்ரி, தனிய. படம் கீறுறது, எழுதுறது, எல்லாம் நான்தான். சுயாதீனக் கலைஞர் எண்டு சொல்லுறவை."

"அப்ப நானும் அதுதான். எனக்கும் கம்பனி இல்லை."

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு முகம் வாடி, "எங்களை மாதிரி ஆக்களை ஆதரிக்க இஞ்சை ஒருத்தரும் இல்லை அன்ரி. எல்லாரும் ஓசியிலை இறக்கி விளையாடுவினம். வீட்டிலை அம்மா, 'உதை விட்டிட்டு அரசாங்க வேலைக்கு எழுது' எண்டுறா" என்றான்.

குணலட்சுமிக்கு அந்தப் பிள்ளை மேல் இரக்கம் வந்தது. தனியாக ஒரு தொழிலை இழுத்துக்கொண்டு போவது எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

அதன் பின் ஆறேழு மாதம், ஞாயிறுதோறும் இணுவிலில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்துவிடுவான். அவள் புட்டு அவித்து, விளைமீன் குழம்பு வைத்துக் கொடுப்பாள். அவன் வீட்டைப் படம் கீறினான். கரையோர மீன்வாடிக் குடிசையை, கடகத்தை, அவள் சேலையை இழுத்துச் செருகுவதை, சுவரில் தொங்கிய சுதாகரனின் படத்தை, எல்லாவற்றையும் கீறினான். முந்நூற்றிநாலு பழகினான். ஒழுங்கைப் பெண்கள் அவனைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்து மகிழ்ந்தார்கள். கூவலைக் காற்றுள்ள நேரம் ஒரு தடவை, காற்றில்லாத நேரம் ஒரு தடவை என்று நாற்பது தரம் பதிவு செய்தான். அவள் சலிக்காமல் கூப்பிட்டாள்.

அவன் கேட்கிற விதத்தில் ஏதோ இருந்தது. ஆரபிக்குக்கூடச் சொல்லாத ஒன்றை ஒருநாள் அவனிடம் சொல்லிவிட்டாள். கடைசி மாலை சுதாகரன் வாசல் படலை வரை போய் ரோச் லைற்றை மறந்துவிட்டேன் என்று திரும்பி வந்தான். பிறகு புகையிலைக்குத் திரும்பி வந்தான். அன்று வீட்டில் ஏதோ சின்னப் பிணக்கு. "போறதெண்டா ஒரேயடியாப் போங்கோ, திரும்பித் திரும்பி வராதையுங்கோ" என்று அடுப்படியில் இருந்தபடியே கத்தினாள். அவன் புகையிலையை மடியில் செருகிக்கொண்டு போனான்.

சொல்லி முடித்ததும் வாகீசன் கண்ணைத் துடைத்தான். அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. இதை விளையாட்டில் போடாதே என்று சொல்ல வேண்டும் என அவளுக்குத் தோன்றவில்லை. அடுப்படியில் வைத்துச் சொன்னதைச் சந்தியில் வைக்கக்கூடாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதா?

வேலை முடியும் தறுவாயில் அவன் ஒரு கடித உறையை நீட்டினான். அவள் தொடவில்லை.

"காசு வேண்டாம் தம்பி. கம்பனி இல்லாத பிள்ளை நீர். ஒண்டு மட்டும் செய்யும். கடைசியிலை அந்த வள்ளம் வரவேணும்."

"அன்ரி..."

"எங்கடை வீட்டிலை நடந்தது நடந்து போச்சு. அதுக்கு அந்தியேட்டியும் செய்தாச்சு. நீர் செய்யிறது விளையாட்டுத்தானே? விளையாட்டிலையாவது வரட்டும். வாறவர் கையை விரிச்சுக் காட்டட்டும்."

"ஓம் அன்ரி. கட்டாயம் வரும்" என்றான். அடுத்த ஞாயிறு மடிக்கணினியைத் திறந்து காட்டவும் செய்தான். பன்னிரண்டாம் நாள் விடியல், சாம்பல் நிறக் கடல், அதற்குள்ளிருந்து ஒரு வள்ளத்தின் மூக்கு மெல்ல நீண்டது. 'சன்னிதியான்' என்ற எழுத்துத் தெரிந்தது. குணலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். அன்று அவனுக்குப் பொரித்த மீனில் பெரிய துண்டைப் போட்டாள்.

அதன் பிறகு அவன் வரவு குறைந்தது. வெளிநாட்டில் யாரோ அந்த விளையாட்டை வெளியிட முன்வந்திருப்பதாக ஒரு தரம் தொலைபேசியில் சொன்னான். ஐந்து மாதம் கழித்து ஆரபியின் கைபேசிக்கு விளையாட்டு வந்து சேர்ந்தது. 'கரை' என்று பெயர் வைத்திருந்தான்.

தாயும் மகளும் முன்விறாந்தையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து விளையாடத் தொடங்கினார்கள். குணலட்சுமியின் விரல் சீட்டுப் பழகிய விரல், இரண்டு நாளில் இதையும் பழகிவிட்டது. எழுத்து வந்தால் மட்டும் கண் தெரியாது. ஆரபிதான் வாசிப்பாள். மூன்றாம் நாள் காட்சியில் அந்தப் பெண் பழைய நினைவொன்றை எண்ணிப் பார்க்கிறாள். திரையில் எழுத்து வந்தது. ஆரபி வாசித்தாள்.

"போறதெண்டா ஒரேயடியாப் போங்கோ, திரும்பித் திரும்பி..."

நிறுத்திவிட்டாள்.

"அம்மா, உது உவர் எழுதினதோ, நீங்கள் சொன்னதோ?"

குணலட்சுமி கைபேசிக்குக் கை நீட்டினாள்.

"அப்பாவுக்கு அப்பிடியோ சொன்னனீங்கள்?"

"அண்டைக்கு ஏதோ கோவத்திலை பிள்ளை..."

"பதினொரு வருசம் என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லேல்லை. ஆரோ ஒருத்தன் விளையாட்டிலை எழுதி, நான் அதை வாசிச்சு அறிய வேண்டிக் கிடக்கு." ஆரபி கைபேசியைத் தாயின் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றைக்குப் பிறகு அவள் தாயோடு கதைக்காமல் விடவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள். ஆனால் கதையில் இருந்த சூடு போய்விட்டது.

எழுத்து வாசிக்க ஆளில்லாமலே குணலட்சுமி தனியாக விளையாடினாள். பன்னிரண்டாம் விடியலில் ஊர் வள்ளமெல்லாம் வந்து சேர்ந்தது. ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். திரையைத் தொட்டால் கூவல் போகும். தொட்டாள். அவளுடைய குரலே போனது. "பாடு என்னெண்டோ... ஓ..." பதில் இல்லை. திரும்பவும் தொட்டாள். வெளிச்சம் கூடி, கடல் வெள்ளையாகி, திரை முழுதும் வெள்ளையானது. முடிந்தது.

தான் ஏதோ பிழையாக ஆடிவிட்டதாகத்தான் நினைத்தாள். மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். இந்த முறை கோயிலில் விளக்கு வைத்தாள். அடுத்த முறை மீனை விற்காமல் அயலுக்குக் கொடுத்தாள். இன்னொரு முறை இருட்டோடே கரைக்குப் போய் நின்றாள். ஒரு தடவை கூப்பிடாமலும் இருந்து பார்த்தாள். பதினொரு தரம் ஆடினாள். துரும்புச் சீட்டு எங்கோ கவிழ்ந்து கிடக்கிறது, இன்னும் தன் கண்ணில் படவில்லை என்றே நம்பினாள்.

ஒரு வாரம் இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆரபிக்குப் பொறுக்கவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்: "அம்மா, விடுங்கோ. உதுக்கு வேறை முடிவு இல்லையாம். எப்பிடி விளையாடினாலும் வராதாம்."

"வரும் எண்டு காட்டினவன் பிள்ளை. நான் கண்ணாலை பார்த்தனான்."

"மாத்திப் போட்டார்."

விளையாட்டுக்கு வெளிநாட்டில் பரிசு கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா வைத்தார்கள். குணலட்சுமிக்கும் அழைப்பு வந்தது. அவனை நேரில் கேட்க வேண்டும் என்பதற்காகவே பச்சைச் சேலை கட்டிப் போனாள். ஆரபி வரவில்லை.

முன்வரிசையில் இருத்தினார்கள். வாகீசனின் தாய் வந்து பக்கத்தில் இருந்தாள். அரசாங்க வேலைக்கு எழுதச் சொன்ன அதே தாய். "மகன் உங்களைப் பற்றித்தான் எந்த நேரமும் கதைக்கிறவர். உங்கடை ஆக்கள் நல்ல குரல்காரர், என்ன?" என்றாள். குணலட்சுமி சிரித்து வைத்தாள். உங்கடை ஆக்கள் என்ற சொல் முதுகில் ஒட்டிய மீன் செதில் மாதிரி, கூட்டம் முடியும்வரை உறுத்திக்கொண்டே இருந்தது.

மேடையில் ஒருவர் மாறி ஒருவர், சுயாதீனக் கலைஞரை நாங்கள் ஆதரிக்க வேண்டும் என்று பேசினார்கள். "இந்த விளையாட்டை வாங்கியவர்கள் கையை உயர்த்துங்கள்" என்று ஒருவர் கேட்டார். ஐந்தாறு கைகள் எழுந்தன. எல்லோரும் சிரித்தார்கள், தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்ட சிரிப்பு. குணலட்சுமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு விளக்கை அணைத்து, பெரிய திரையில் பன்னிரண்டாம் நாளைப் போட்டார்கள். மண்டபத்தின் நான்கு மூலையில் இருந்தும் அவளுடைய குரல் கூப்பிட்டது. கடல் வெள்ளையானது. விளக்கு வந்தபோது பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெண் ஒலிவாங்கியைக் கொண்டுவந்து நீட்டினாள். "அம்மா, உங்கடை வாழ்க்கையைத் திரையிலை பார்க்கேக்கை எப்பிடி இருக்கு?"

அவனிடம் கேட்க வந்த கேள்வி குணலட்சுமிக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் முந்நூறு முகம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வாகீசனின் முகமும் அதில் இருந்தது, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி. "நல்லாயிருக்கு" என்றாள். கைதட்டினார்கள்.

வெளியே மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த மரத்தடியில் அவனைப் பிடித்தாள். அவன் கையில் ரோல்ஸ் வைத்த கடதாசித் தட்டு.

"ஏன் தம்பி வரவிடேல்லை?"

எதைக் கேட்கிறாள் என்று அவனுக்கு உடனே விளங்கியது. "அன்ரி, கோவிக்காதையுங்கோ. வள்ளம் வாற மாதிரித்தான் முதல் செய்தனான். வெளியிடுறவை பார்த்திட்டு, வந்தா இது சாதாரணக் கதையாப் போயிடும், வராமல் இருந்தாத்தான் கலை எண்டு சொல்லிச்சினம். நானும் யோசிச்சுப் பார்த்தன். அவை சொல்லுறது சரிதான். பாருங்கோ, இண்டைக்கு எத்தினை பேர் அழுதவை."

"அழுறதுக்கோ நான் கூப்பிட்டனான்?"

அவன் தட்டை மற்றக் கைக்கு மாற்றினான்.

"நாங்கள் மத்தியானத்திலை சீட்டு விளையாடுறது ஏன் தெரியுமோ? தோத்தாலும் அடுத்த கை நல்லா வரும் எண்டுதான். ஒருநாளும் வெல்லேலாத விளையாட்டை விளையாட்டெண்டு சொல்லாதையுங்கோ. அது வீட்டிலையே கிடக்கு. காசு குடுத்து வாங்கத் தேவையில்லை."

நீர் என்று கதைத்தவள் நீங்கள் என்று மாறியதை அவனும் கவனித்தான். "அன்ரி, உங்களுக்கு மட்டும் வள்ளம் வாற மாதிரி ஒண்டு செய்து அனுப்பிறன். ஒரு நாள் வேலைதான்" என்றான்.

"எனக்கு மட்டும் வாற வள்ளம் எனக்கெதுக்கு? அது நான் கண்ணை மூடினா வருகுது." பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்தபடி சொன்னாள்: "ரோச் லைற்றுக்கு அவர் திரும்பி வந்த கதையை நான் உங்களுக்குச் சொன்னது, நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். அதை என்ரை பிள்ளை எழுத்திலை வாசிச்சுது."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான். அவள் பொன்னாடையை மடித்துப் பைக்குள் வைத்துப் பேருந்து நிலையத்துக்கு நடந்தாள்.

அதோடு முடிந்திருந்தால் அவள் பொறுத்திருப்பாள். ஊரில் பொடியள் அந்தக் கூவலைக் கைபேசி மணியாக வைத்தார்கள். வள்ளம் வராத கூவல் என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். முதலில் சிரிப்புக்குச் சொன்ன பகிடிதான். தை மாதத்தில் ஒரு விடியல், அவள் வழக்கம்போல் கூப்பிட, உதயகலாவின் புருசனுடைய வள்ளம் எஞ்சின் பழுதாகி, மதியம் தாண்டித்தான் இழுபட்டு வந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அடுத்த நாள் மத்தியானம் உதயகலா பாயில் சீட்டை எடுக்காமல் இருந்தாள்.

"அக்கா, குறை நினையாதையுங்கோ. எனக்கு உந்தச் சகுனத்திலை நம்பிக்கை இல்லை. இவர்தான் சொல்லுறார். வள்ளம் கரை தட்டுமட்டும் நீங்கள் அங்கை வரவேண்டாமாம்."

"நீதானேடி என்னைக் கூப்பிடச் சொன்னனீ."

உதயகலா அழுதாள். அழுதாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. மற்ற இருவரும் சீட்டுக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று ஒருவரும் கலைத்துப் போடவில்லை. அந்தப் பாய் அதற்குப் பிறகு விரிக்கப்படவும் இல்லை.

இப்போது குணலட்சுமி ஊர்க் கரையில் மீன் எடுப்பதில்லை. முதல் பேருந்தில் பருத்தித்துறைக்குப் போய், முன்பின் தெரியாத ஏலக்காரரிடம் கூடுதல் விலைக்கு எடுக்கிறாள். இலாபம் முன்போல் இல்லை. விளையாட்டைப் பார்த்துவிட்டு வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் சிலர் வீடு தேடி வருவார்கள். படம் எடுப்பார்கள், "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீங்களோ அம்மா?" என்று கேட்பார்கள். அந்தியேட்டி செய்துவிட்டேன் என்று சொன்னால் அவர்கள் முகம் வாடிவிடும். அதனால் அவள் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. வாகனம் மணக்கும் என்று மீனும் வாங்க மாட்டார்கள்.

போன மாசியில் கனடாவில் இருந்து வாகீசன் தொலைபேசி எடுத்தான். இப்போது அங்கே ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை. குரலில் உற்சாகம்.

"அன்ரி, இரண்டாம் பாகம் செய்யிறம். இந்த முறை வள்ளம் வருது! விளையாடின ஆக்கள் எல்லாரும் எழுதிக் கேட்டிருக்கினம், வரவேணும் எண்டு. கம்பனியும் ஓம் எண்டிட்டுது. உங்கடை குரல்தான் வேணும். இந்த முறை வடிவாக் காசு தருவினம்."

"அவை கேட்டா வரும், என்ன?" என்றாள் குணலட்சுமி.

"அன்ரி?"

"ஒண்டுமில்லை தம்பி. எனக்கு இப்ப தொண்டை சரியில்லை. வேறை ஆரையும் பாருங்கோ."

அவன் கெஞ்சினான். பழைய பிணக்கை மறந்துவிடச் சொன்னான். அவள் கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. பாரைக்கும் விளைமீனுக்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்க வந்தவனுக்குச் சொல்வதுபோல் பொறுமையாக, இல்லை என்று மட்டும் மூன்று தரம் சொன்னாள். மாலை வேலைக்கு மருந்துக்கடைக்குப் புறப்பட்டுப் படலையடியில் நின்ற ஆரபி, போனில் யார் என்று கேட்டாள். தெரியாத ஆள், பிழையாக எடுத்துவிட்டார் என்று சொல்லிவிட்டுக் குணலட்சுமி மீன் பெட்டியைக் கழுவப் போனாள்.

வேறொரு கரையில் இன்னொரு பெண்ணைப் பிடித்துப் பதிவு செய்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். நல்ல குரலாம்.